ஃபைபர் படகில் மூடுதுணிக்கு டிச் பட்டன்: துளை போடப் பயமாக இருக்கிறது

ஏரிக்கரையான் | ஸ்கார்பரோ | ஏப்ரல் 19

எல்லோருக்கும் வணக்கம். போன செப்டம்பரில் 18 அடி ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கினேன். கோடையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இங்கே கனடாவில் சிம்கோ ஏரியில் ஓட்டுவதற்கு. மற்ற நாளெல்லாம் வீட்டு வாசலில் டிரெய்லர் மேல் நிற்கும். படகைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூடுதுணிதான் கந்தல். குளிர்காலத்தைத் தார்ப்பாய் போட்டு ஒப்பேற்றிவிட்டேன்.

புதுத் துணி தைக்கக் கொடுக்கலாம் என்று பழையதைக் கழற்றி எண்ணிப் பார்த்தேன். சுற்றிவர 34 அழுத்துத் தெறி. அதாவது நீங்கள் டிச் பட்டன் என்பீர்களே, அதன் குமிழ்ப் பகுதியைத்தான் படகின் உடம்பில் ஸ்குரூ போல முறுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் 5 காணவில்லை, வெறும் துளைதான். 9 விரலால் தொட்டாலே சுற்றுகிறது. இரண்டைச் சுற்றி நட்சத்திரம் மாதிரிக் கீறல். இதற்கு மேல் பக்கவாட்டில் இன்னும் ஆறு புதிதாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் காற்று உள்ளே புகுந்து துணியைத் தூக்கிவிடும்.

வேலைத்தலத்தில் ஒருவர், "மரத்துக்குப் போடுவது போல டிரில் போட்டு முறுக்கிவிடு, பத்து நிமிட வேலை" என்கிறார். எனக்கு அந்த வழவழப்பான வெள்ளை உடம்பில் பிட்டை வைக்கவே கை வரவில்லை. செய்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை | சிங்கப்பூர் | ஏப்ரல் 19

துளையே வேண்டாம். டிரெய்லரில் நிற்கும் படகுக்கு விளிம்பில் கயிறு ஓடும் உறை போதும். இழுத்து, கீழே பட்டை கொடுத்து டிரெய்லரோடு கட்டிவிடலாம். 34 பட்டன் என்றால் தண்ணீர் போக 34 வழி என்றுதான் அர்த்தம்.

---

நாகைக்காரன் | நாகப்பட்டினம் | ஏப்ரல் 20

தம்பி, பயப்பட வேண்டியது நியாயம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிட ஆள் சொன்னதற்குத்தான் பயப்பட வேண்டும், துளைக்கு இல்லை.

நான் ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் பல வருசம் இருந்தவன். 2004 சுனாமிக்கு அப்புறம் எங்கள் கரையில் கட்டுமரம் கிடந்த இடமெல்லாம் ஃபைபர் ஆகிவிட்டது, அந்த அலையில் வேலைக்குப் போனேன். எங்கள் மீன்பிடிப் படகுக்கு மூடுதுணியும் கிடையாது, பட்டனும் கிடையாது. வெயிலிலேயே கிடந்து ஜெல்கோட் என்கிற மேல்பூச்சு சுண்ணாம்பாக உதிரும், கையை வைத்தால் வெள்ளையாக ஒட்டும். அதனால் படகைத் துணி போட்டு மூட நினைக்கிற உன்னைப் பார்த்தாலே மரியாதை வருகிறது.

விசயத்துக்கு வருகிறேன். நீ பார்க்கிற வெள்ளை வழவழப்பு ஜெல்கோட். அரை மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதில் நார் எதுவும் கிடையாது, வெறும் ரெசின் என்கிற பிசினும் நிறமும். பீங்கான் மாதிரி கெட்டி, பீங்கான் மாதிரியே உடையும். அதற்கு அடியில்தான் மேட் (கண்ணாடி நார் விரிப்பு), ரெசின், மேட், ரெசின் என்று அடுக்கி வந்திருக்கும், பலம் முழுக்க அங்கேதான். மரம் என்றால் ஸ்குரூ போகும்போது நசுங்கி இடம் கொடுக்கும். ஃபைபர் கொடுக்காது. மரை மேலே வரும்போது ஜெல்கோட்டைக் கொக்கி போட்டுத் தூக்கும். அப்போது வெடிப்பதுதான் நீ சொல்கிற நட்சத்திரக் கீறல்.

அதனால் நான் செய்கிற முறை இது. துளை வரும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டு, மேலேயே பென்சில் குறி வை. டிரிலைப் பின்பக்கச் சுற்றில் ஓடவிட்டு மெதுவாக ஜெல்கோட்டை மட்டும் சுரண்டித் தாண்டு, அப்புறம் முன்பக்கச் சுற்றுக்கு மாற்று. பிட்டில் டேப் சுற்றி ஆழக் குறி வைத்துக்கொள், தாண்டிப் போய் எதையாவது குத்திவிடாமல் இருக்கும். துளை விழுந்ததும் அதன் வாயைக் கூம்புப் பிட்டால் லேசாகச் சீவி விடு, மரை ஜெல்கோட்டைத் தொடவே கூடாது. எல்லோரும் விடுகிற படி இந்தச் சீவல்தான். முப்பது வினாடி வேலை.

துளை அளவு: இந்தக் குமிழ் ஸ்குரூ பெரும்பாலும் 8 நம்பர், மரையோடு 4.2 மி.மீ. மரத்துக்கு என்றால் அரைக்கால் அங்குலப் பிட் (3.2 மி.மீ.) போடுவோம். கெட்டியான ஃபைபருக்கு அது இறுக்கம், 3.5 போடு. முதலில் பழைய துண்டு எதிலாவது சோதனை செய்துவிட்டு வா.

துளை போடும் முன் உள்பக்கம் கை விட்டுப் பார்த்தாயா? பெட்ரோல் ஊற்றும் குழாயும் விளக்கு வயரும் பக்கவாட்டுக்குள்ளேதான் ஓடும்.

---

உப்புக்காற்று | சிட்னி | ஏப்ரல் 20

நாகைக்காரன் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. என் பங்குக்குக் கொஞ்சம்.

ஸ்குரூவைக் காய்ந்த துளையில் வைக்காதீர்கள். துளைக்குள்ளும் குமிழின் அடியிலும் சீலண்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) வைத்த பிறகுதான் முறுக்க வேண்டும். எந்த சீலண்ட் என்பதில்தான் பலர் சறுக்குவது. 3எம் 5200 வேண்டாம், அது பிரிக்கவே கூடாத இடத்துக்கானது. நாளை குமிழைக் கழற்றினால் ஜெல்கோட்டும் சேர்ந்து வரும். 4200 அல்லது சிகாஃப்ளெக்ஸ் 291 போதும். பியூட்டைல் டேப்பை உருட்டித் திரித்து ஸ்குரூ கழுத்தில் சுற்றி முறுக்கினாலும் நன்றாகப் பிடிக்கும், கழற்றுவதும் சுலபம். குளியலறை சிலிக்கோன் மட்டும் வேண்டவே வேண்டாம். அது பட்ட இடத்தில் பிறகு பெயிண்டும் பிடிக்காது, வேறு சீலண்டும் பிடிக்காது.

இன்னொன்று: பாலிசல்ஃபைடு வகை சீலண்ட் நல்லதுதான், ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

குமிழைப் பொறுத்தவரை, நான் கடல் தண்ணீரில் இருப்பதால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். உங்களுக்கு ஏரித் தண்ணீர், 304 போதும். கடையில் மலிவாகக் கிடைக்கிற நிக்கல் பூசிய பித்தளைக் குமிழ் முதலில் பளபளக்கும், பூச்சு தேய்ந்ததும் பச்சை பிடிக்கும்.

---

கணக்குப்பிள்ளை | சிங்கப்பூர் | ஏப்ரல் 21

ஒட்டுகிற குமிழ் வந்துவிட்ட காலத்தில் இன்னும் துளை, சீவல், சீலண்ட் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அடியில் விஎச்பி என்கிற இருபக்கமும் ஒட்டும் டேப் உள்ள குமிழை உரித்து ஒட்டினால் முடிந்தது.

---

உப்புக்காற்று | சிட்னி | ஏப்ரல் 21

அதையும் செய்து பார்த்தவள் நான். நல்ல சாமான்தான், ஆனால் உரித்து ஒட்டினால் முடிந்தது என்பது சரியில்லை. படகில் எப்போதும் மெழுகு இருக்கும், அதை முழுக்க எடுத்துவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தால் ஒட்டவே கூடாது. ஒட்டி 20 நிமிடத்தில் பாதிப் பலம்தான் வரும், ஒரு நாளில் 90 சதவீதம், முழுசாகப் பிடிக்க மூன்று நாள். நான் அன்றைக்கே துணியை மாட்டினேன். அடுத்த வாரம் நாலு குமிழ் துணியோடு வந்தது.

எங்கே சரிப்படும் என்றால், காற்று துணியைப் பக்கவாட்டில் இழுக்கிற இடத்தில். அந்த இழுப்பை டேப் நன்றாகத் தாங்கும். பட்டனைத் திறக்கும்போது நெம்புகிறோமே, அதைத்தான் அது தாங்காது. பின்னால் கை போகாத இடம், அடியில் பெட்ரோல் டாங்க் இருக்கிற இடம், துளை போடவே கூடாத இடம், அங்கெல்லாம் ஒட்டலாம். 34-க்கும் ஒட்டுவேன் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

---

தையல்கடை | திருப்பூர் | ஏப்ரல் 22

எல்லோரும் படகிலேயே நிற்கிறீர்கள். பட்டனில் பாதி துணியில் இருக்கிறது ஐயா!

நான் ஜீப் மேற்கூரை, கடைப் பந்தல், வேன் படுதா தைக்கிறவன். படகு தைத்ததில்லை, ஆனால் பட்டன் அதே பட்டன்தான். துணியில் ஏறுவது இரண்டு துண்டு: மேலே தொப்பி, கீழே பிடிப்பான். தொப்பியின் தண்டு துணி வழியாக இறங்கிப் பிடிப்பானுக்குள் விரிந்து மடங்கும். படகில் இருப்பது குமிழ். நீங்கள் பேசுகிற இந்த சைஸ் 24 லைன். எங்கள் ஊர் பனியன் கம்பெனியில் பட்டனை லைன் கணக்கில்தான் சொல்வோம், 40 லைன் ஒரு அங்குலம். 24 என்றால் 15 மி.மீ. தொப்பி.

நான் சொல்ல வந்தது வரிசை. முதலில் படகில் குமிழ், கடைசியில்தான் துணியில் பட்டன். தைப்பவரிடம் பட்டன் அடிக்காமல் துணியை வாங்கிக்கொள்ளுங்கள். சிலர் மேசையிலேயே அளந்து 34 பட்டனையும் அடித்துத் தந்துவிடுவார்கள். அரை அங்குலம் தள்ளிப் போனால் கிழிக்கவும் முடியாது, இழுக்கவும் முடியாது.

துணியைப் படகில் போர்த்தி முன் மூக்கின் நடுவில் ஒரு பட்டன். அங்கிருந்து இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பின்னால் போக வேண்டும். ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் சுருக்கம் முழுக்கக் கடைசி மூலையில் வந்து உட்காரும். குறி வைக்கப் பென்சில் தேவையில்லை. குமிழின் தலையில் சாக்பீஸைத் தேய்த்துத் துணியை இழுத்துப் பிடித்து மேலே அழுத்தினால் வட்டம் தானாக விழும்.

துளையைக் கத்தரியால் வெட்டாதீர்கள். செயற்கை நூல் துணி என்றால் சூடான சால்டரிங் அயர்ன் முனையால் குத்துங்கள், ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும், நூல் பிரியாது. விளிம்பில் துணி மடிந்து மூன்று நாலு அடுக்காவது இருக்க வேண்டும், அதற்கேற்ற தண்டு நீளம் பார்த்து வாங்குங்கள். அடித்த பிறகு தொப்பியை விரலால் திருப்பிப் பாருங்கள். சுலபமாகச் சுற்றினால் சரியாக மடங்கவில்லை. இன்னொரு தட்டு தட்டலாம், ஓங்கி அடித்தால் தொப்பி குழியும்.

---

ஏரிக்கரையான் | ஸ்கார்பரோ | ஏப்ரல் 22

இவ்வளவு பேர் இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி. நாகைக்காரன் அண்ணை, உள்பக்கம் கை விட்டுப் பார்த்தேன், வலது பக்கம் பெட்ரோல் குழாய் சரியாக நான் குறித்த இடத்துக்குப் பின்னால்தான் போகிறது! அங்கே இரண்டும் ஒட்டுக் குமிழ்.

---

சொல்தேடி | மதுரை | ஏப்ரல் 23

தலைப்புக்கு வெளியே ஒரு கேள்வி. "தெறி" என்றால் பட்டனா? இங்கே அதற்கு வேறு பொருள்!

---

ஏரிக்கரையான் | ஸ்கார்பரோ | ஏப்ரல் 23

யாழ்ப்பாணத்தில் சட்டைப் பொத்தானைத் தெறி என்றுதான் சொல்வோம். அம்மா இன்றைக்கும் "தெறியைப் பூட்டு" என்பார்.

---

தையல்கடை | திருப்பூர் | ஏப்ரல் 23

அழுத்தினால் பூட்டி, இழுத்தால் தெறிக்கிற சாமானுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது. பொத்தான் போர்த்துக்கீசியர் கொடுத்தது, பட்டன் இங்கிலீசுக்காரன் கொடுத்தது. இந்த அழுத்து பட்டனுக்கு 1885-இல் காப்புரிமை வாங்கியவர் ஹெரிபர்ட் பாவர் என்ற ஜெர்மன்காரர். தெறி மட்டும்தான் நம்முடையது. இனி கடையில் அப்படியே எழுதிவைக்கப் போகிறேன்.

---

ஏரிக்கரையான் | ஸ்கார்பரோ | மே 4

வேலை தொடங்கினேன். நல்ல சேதி ஒன்று, கெட்ட சேதி இரண்டு.

நல்லது: பக்கவாட்டில் ஒட்டுக் குமிழ் இரண்டு போக மீதி நாலு புதுத் துளையும் நாகைக்காரன் அண்ணை சொன்னபடி போட்டேன். டேப், பின்சுற்று, சீவல், சீலண்ட். ஒரு கீறல் இல்லை. ஃபைபர் தூள்தான் கழுத்தில் விழுந்து இரவு முழுக்கச் சொறிந்தேன். முகக்கவசம் போட்டேன், சட்டைக் காலரைப் பூட்டவில்லை.

கெட்டது ஒன்று: பழைய துளையில் புதுக் குமிழ் ஒன்றை பேட்டரி டிரிலால் முறுக்கும்போது டக்கென்று தலை கையோடு வந்துவிட்டது. தண்டு உள்ளே நிற்கிறது.

கெட்டது இரண்டு, இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. முன்தளத்தில், காலால் மிதித்து ஏறும் இடத்தில், சுற்றிக்கொண்டிருந்த குமிழ் ஒன்றைக் கழற்றி துளையைச் சுத்தம் செய்யப் பிட்டை விட்டேன். வெள்ளைத் தூளுக்குப் பதிலாகப் பழுப்பாக, ஈரமாக, தேயிலைச் சக்கை மாதிரி வந்தது. மணந்து பார்த்தேன், மழையில் ஊறிய மரத்தின் மணம். ஃபைபர் படகில் மரம் எங்கிருந்து வந்தது?

---

கணக்குப்பிள்ளை | சிங்கப்பூர் | மே 4

34 வழி என்று முதல் நாளே சொன்னேன்.

---

நாகைக்காரன் | நாகப்பட்டினம் | மே 5

கணக்குப்பிள்ளை, இப்போது அந்தக் கணக்கு வேண்டாம், பையன் பயந்து போயிருக்கிறான்.

தம்பி, படகின் பக்கச்சுவர் பெரும்பாலும் முழுக்க ஃபைபர்தான். தளம் அப்படி இல்லை. ஆள் மிதித்தால் அமுங்கக் கூடாது, எடையும் கூடக் கூடாது. அதற்காக மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பிளைவுட் அல்லது பால்சா மரம் அல்லது ஃபோம் வைத்து சாண்ட்விச்சாகக் கட்டுவார்கள். தோல் மூடியிருக்கிற வரை மரம் காய்ந்தே இருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் சீலண்ட் வைக்காமல் ஸ்குரூவை முறுக்கியிருக்கிறான். தளம் படுக்கையாக இருக்கும் இடம், குமிழைச் சுற்றித் தண்ணீர் தேங்கும், மரை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். மரம் ஊறி மென்மையானதும் ஸ்குரூவுக்குப் பிடி போய்விடும். உன்னுடைய 9 குமிழ் சும்மா சுற்றுகிறதே, அதில் எத்தனை முன்தளத்தில் இருக்கிறது என்று எண்ணிச் சொல்.

எண்ணிவிட்டு, ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் தளம் முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே வா. நல்ல இடம் "டக் டக்" என்று கூர்மையாகக் கேட்கும். ஊறிய இடம் பூசணிக்காயைத் தட்டியது மாதிரி மந்தமாக இருக்கும். எல்லையை டேப்பால் குறி.

அவசரப்பட்டு சீலண்டால் அடைத்துவிடாதே. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டினால் மிச்ச மரமும் போகும்.

---

ஏரிக்கரையான் | ஸ்கார்பரோ | மே 6

எண்ணினேன். 9-இல் 7 முன்தளத்தில். தட்டினேன். மூன்று துளையைச் சுற்றி மட்டும் மந்தமான ஒலி, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம் இருக்கும். நாலில் ஒலி நன்றாகத்தான் இருக்கிறது.

---

நாகைக்காரன் | நாகப்பட்டினம் | மே 6

உள்ளங்கை என்றால் தப்பித்தாய். தட்டு அகலம் என்றால் மேல்தோலை வெட்டித் திறக்கச் சொல்லியிருப்பேன்.

அந்த மூன்றையும் 10 மி.மீ.க்குப் பெரிதாக்கு, மேல்தோலும் மரமும் மட்டும், கீழ்த்தோலைத் தொடாதே. ஒரு ஆணியை எல் வடிவில் வளைத்து டிரிலில் மாட்டி உள்ளே விட்டுச் சுற்று. தோலுக்கு நடுவில் இருக்கிற மக்கின மரம் சக்கையாக வெளியே வரும். வேக்குவம் வைத்து உறிஞ்சு. மழை படாத இடத்தில், சின்ன மின்விசிறியோ ஹீட்டரோ வைத்து நாள் கணக்கில் காயவிடு. வாரம் ஆனாலும் ஆகட்டும்.

முழுக்கக் காய்ந்ததும் கீழ்வாயை டேப்பால் அடைத்துவிட்டு எபாக்ஸி, அதாவது இரண்டைக் கலந்தால் இறுகும் பிசின். முதலில் மெல்லிய எபாக்ஸியை ஊற்றி மர ஓரம் குடிக்கவிடு. பிறகு சிலிக்கா தூள் கலந்து வெண்ணெய் பதத்துக்கு வந்ததை நிரப்பு. இழைப்பதற்குச் சுலபம் என்று நுண்குமிழித் தூள் விற்பார்கள், அது இங்கே வேண்டாம், ஸ்குரூ பிடிக்காது. இறுகியதும் அதன் நடுவில் புதிதாக 3.5-இல் துளை. அப்போது உன் ஸ்குரூ எபாக்ஸிக் கட்டையைத்தான் பிடிக்கும், தண்ணீருக்கு மரத்தின் முகமே தெரியாது.

நல்ல ஒலி கேட்கிற நாலுக்கும் இதையே சின்ன அளவில் செய். இன்றைக்கு நல்லது, மூன்று வருசத்தில் அதுவும் பூசணிக்காய்.

எங்கள் பட்டறையில் எல்லாமே பாலியஸ்டர் ரெசின்தான், கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் கலந்து போட்டுத் தள்ளுவோம். ஆனால் பழைய மரத்தையும் பழைய ஃபைபரையும் கவ்விப் பிடிக்க எபாக்ஸிதான்.

---

உப்புக்காற்று | சிட்னி | மே 6

ஏரிக்கரையான், ஒரு யோசனை. முன்தளத்தில் அந்த 7-ஐயும் திரும்ப அதே இடத்தில்தான் வைக்க வேண்டுமா? புதுத் துணிதானே தைக்கப் போகிறீர்கள். விளிம்பைத் தாண்டி நாலு விரல் கீழே இறங்கும்படி தைக்கச் சொல்லி, குமிழ்களை வெளிப்பக்கச் செங்குத்துச் சுவரில் வையுங்கள். அங்கே தண்ணீர் தேங்காது, வழிந்துவிடும். சுவர் முழு ஃபைபர், ஊற மரமும் இல்லை. தளத்தில் குமிழ் இருந்தால் வெறுங்காலில் ஏறுகிற பிள்ளைகள் பெருவிரலைப் பெயர்த்துக்கொள்வார்கள், எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. பழைய துளைகளை எபாக்ஸியால் மூடி மேலே ஜெல்கோட் பசை பூசிவிடலாம்.

உடைந்த தண்டுக்கு: ஃபைபரை நோண்டாதீர்கள். கொஞ்சமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் லாக்கிங் பிளையரால் பிடித்துத் திருப்புங்கள். இல்லையென்றால் உள்ளே குழலாக இருக்கும் ஸ்குரூ எடுக்கும் பிட் கிடைக்கும், தண்டைச் சுற்றி வட்டமாக வெட்டி எடுத்துவிடும். மிஞ்சும் துளையை எபாக்ஸியால் நிரப்பி மறுபடி போடலாம். இனிமேல் கடைசி இரண்டு சுற்று கையால்தான், சரியா? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இறுகிப் பிடித்தால் முன்னறிவிப்பே இல்லாமல் முறியும்.

---

நாகைக்காரன் | நாகப்பட்டினம் | மே 7

சுவருக்கு இறக்குவது என்னுடைய யோசனையை விட நல்ல யோசனை. ஒன்று மட்டும்: எபாக்ஸி மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் பிடிப்பதில் சிரமம் கொடுக்கும், சில நேரம் பிசுபிசுப்பாகவே நிற்கும். எபாக்ஸியை நன்றாகக் கழுவி, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கிவிட்டுப் பூசு. மேலே பாலிதீன் தாள் ஒட்டிவிடு, காற்றுப் பட்டால் அது காயாது. அப்புறம் 400, 600, 1000 நம்பர் உப்புத்தாள் என்று வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்.

---

புதுப்படகு | கொழும்பு | மே 9

இடையில் வந்ததற்கு மன்னிக்கவும். குமிழுக்குக் குமிழ் எவ்வளவு தூரம் விட வேண்டும்?

---

தையல்கடை | திருப்பூர் | மே 9

வளைவான இடத்தில் 15 சென்டிமீட்டர், நேரான இடத்தில் 20 முதல் 25. அதற்கு மேல் விட்டால் நடுவில் துணி வாய் பிளக்கும். மூலைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று நெருக்கமாகப் போடுங்கள், மூலையின் உச்சியில் போடாதீர்கள்.

---

ஏரிக்கரையான் | ஸ்கார்பரோ | ஜூன் 15

ஒரு மாதம் ஆளைக் காணவில்லை என்று நினைத்திருப்பீர்கள். காயவிட்டுக்கொண்டிருந்தேன்!

முன்தளத்து 7 குமிழும் போய்விட்டது, அக்கா சொன்னபடி எல்லாம் சுவருக்கு இறங்கியது. முறிந்த தண்டு குழல் பிட்டால் வந்தது. நட்சத்திரக் கீறல் இரண்டில் ஒன்று புதுக் குமிழின் அடியிலேயே மறைந்துவிட்டது, மற்றதைச் சின்ன வாய்க்காலாகக் கீறி ஜெல்கோட் பசை நிரப்பினேன். நிறம் பொருந்தவில்லை. பத்தடி தள்ளி நின்றால் தெரியாது, மனைவிக்கு இருபதடியில் தெரிகிறது.

துணியைப் பட்டன் இல்லாமல் வாங்கி நானும் மகனும் ஒரு சனிக்கிழமை முழுக்கச் சாக்பீஸ் தேய்த்து, குறி வைத்து, சால்டரிங் அயர்னால் குத்தி அடித்தோம். மூக்கில் தொடங்கி இடம் வலம் என்று மாற்றி மாற்றி. மகன் இரண்டு தொப்பியைக் குழித்தான், நான் ஒன்றைத் தலைகீழாக அடித்தேன். ஆனால் கடைசி மூலையில் ஒரு சுருக்கம் கூட இல்லை. தையல்கடை ஐயாவுக்குத் திருப்பூர் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு.

அன்றைக்கு இரவே மழை. காலையில் பார்த்தால் துணியின் நடுவில் ஒரு குளம், வாளியால் அள்ளுகிற அளவு. இரண்டு குமிழ் இழுபட்டுத் திறந்திருந்தது. இப்போது நடுவில் உயரம் மாற்றக்கூடிய ஒரு கம்பு கொடுத்துக் கூடாரம் போலத் தூக்கிவிட்டிருக்கிறேன். படகின் அடியில் தண்ணீர் வடியும் துளையின் அடைப்பானையும் கழற்றி வைத்திருக்கிறேன். இங்கே ஒன்டாரியோவில் சாலையில் இழுத்துப் போகும்போது அதைக் கழற்றி வைப்பது 2022-இலிருந்து சட்டமே, ஏரிக்கு ஏரி வேண்டாத உயிரினங்கள் பரவாமல் இருக்க.

ஒரு சந்தேகம் மிச்சம். கண்ணாடிச் சட்டத்தின் பக்கத்தில் வினைல் பகுதி இருக்கிறது, அங்கே இரண்டு பட்டன் காலையில் பூட்ட மறுக்கிறது. ஒரு விரல் குறைகிறது. மதியம் போனால் சுலபமாகப் பூட்டுகிறது. நான் அளந்ததில் பிழையா?

---

தையல்கடை | திருப்பூர் | ஜூன் 15

பிழை இல்லை. வினைல் குளிரில் சுருங்கும், வெயிலில் இளகும். நீங்கள் அடித்தது நல்ல வெயிலில் இருக்கும். அதுதான் சரி, குளிரில் இழுத்து அடித்திருந்தால் கோடையில் தொளதொளவென்று தொங்கும். காலையில் மூட வேண்டியிருந்தால் நீட்டிப்புப் பட்டை என்று விற்பார்கள், ஒரு முனையில் பிடிப்பான், மறுமுனையில் குமிழ். இரண்டு வாங்கி வையுங்கள். பட்டன் இறுக்கமாக இருந்தால் குமிழில் துளி வாசலின்.

திறக்கும்போது துணியின் நடுவைப் பிடித்து இழுக்க யாரையும் விடாதீர்கள். பட்டனுக்கு ஒட்டின ஓரத்தில் விரலை விட்டு நெம்ப வேண்டும்.

---

உப்புக்காற்று | சிட்னி | ஜூன் 16

அந்த இரண்டும் அலுமினியச் சட்டத்தில் முறுக்கியதா? அப்படியானால் ஸ்டீல் ஸ்குரூவுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் டெஃப்ஜெல் மாதிரிப் பசை ஏதாவது தடவுங்கள். இல்லாவிட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பொங்கி அரித்துவிடும். ஏரியில் மெதுவாக, ஆனால் நடக்கும்.

---

கணக்குப்பிள்ளை | சிங்கப்பூர் | ஜூன் 16

படம் போடுங்கள், பார்க்கலாம். கயிறு உறைதான் மேல் என்பதில் மாற்றமில்லை, ஆனால் இந்த அளவுக்குப் பொறுமையாகச் செய்தால் பட்டனும் நிற்கும் என்று ஒப்புக்கொள்கிறேன். பாதி.

---

நாகைக்காரன் | நாகப்பட்டினம் | ஜூன் 16

தம்பி, ஏழு துளை காய்ந்து மூடிவிட்டாயா? கணக்குச் சொல்.

---

ஏரிக்கரையான் | ஸ்கார்பரோ | ஜூன் 16

ஆறு மூடியாயிற்று அண்ணை. ஏழாவது, அந்தத் தேயிலைச் சக்கை வந்ததே, அதுதான். நேற்றுக்கூடப் பஞ்சைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டுப் பார்த்தேன், நுனி கொஞ்சம் பழுப்பாக வந்தது. ஹீட்டரை மறுபடி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு பஞ்சு வெள்ளையாக வந்தால் எபாக்ஸி கலப்பேன். பிள்ளைகள் ஏரிக்கு எப்போது என்று தினமும் கேட்கிறார்கள், நான் பஞ்சைக் காட்டுகிறேன்.